கியர் இடம் மாறிவிட்டது, நடுச்சுவர் மட்டும் ஏன்? பெரிய சென்டர் கன்சோலோடு 31,000 கிலோமீட்டர்

வண்டி வாங்கி இருபத்திரண்டு மாதம் ஆகிறது, மீட்டரில் 31,000 தாண்டிவிட்டது. நான் மெடிக்கல் ரெப். திருநெல்வேலியில் வீடு. வாரத்தில் இரண்டு மூன்று நாள் கோவில்பட்டி, தூத்துக்குடி, தென்காசி, நாகர்கோவில் என்று ஏதாவது ஒரு பக்கம் போய்த் திரும்ப வேண்டும். அந்த நாட்களில் நாலைந்து மணி நேரம் ஓட்டுநர் இருக்கையில்தான் கழிகிறது. அதனால் இந்த வண்டியைப் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்தபோது மைலேஜ், பிக்கப், சன்ரூஃப் எதுவும் முதலில் மனதில் வரவில்லை. அதையெல்லாம் எல்லோரும் எழுதிவிட்டார்கள். என் உடம்பு நாள் முழுக்க எதில் உரசிக்கொண்டிருக்கிறதோ அதைப் பற்றி யாரும் சொல்லக் காணோம். இரண்டு முன் இருக்கைகளுக்கும் நடுவே டேஷ்போர்டிலிருந்து இறங்கிப் பின் சீட் வரைக்கும் திண்ணை மாதிரி கிடக்கிறதே, அந்த சென்டர் கன்சோல்.

வண்டியின் பெயரை எழுதப் போவதில்லை. பெட்ரோல் ஆட்டோமேட்டிக், நடுத்தர அளவு எஸ்யூவி, மேல் மாடலுக்கு ஒன்று கீழே. இந்த விலையில் விற்கும் எஸ்யூவிகள் பலவற்றில் ஏறக்குறைய இதே அமைப்புதான் இருக்கிறது. நீங்கள் பார்த்துவைத்திருக்கும் வண்டியிலும் இருக்கலாம்.

முதலில் அளவைச் சொல்லிவிடுகிறேன். டேப் வைத்து அளந்தேன். என் இடது முழங்கால் படுகிற இடத்தில் கன்சோலின் அகலம் 27 செ.மீ. இதற்கு முன் பத்து வருஷம் வைத்திருந்த சின்ன ஹேட்ச்பேக்கில் அதே இடம் 16 செ.மீ. அதற்கும் முன்னால் அப்பா ஜங்ஷன் ஸ்டாண்டில் ஓட்டிய அம்பாசிடர் மார்க் 4-இல் அளக்க ஒன்றும் கிடையாது. முன்பக்கம் ஒரே நீள சீட், கியர் ஸ்டியரிங்குக்குக் கீழே. அந்த சீட்டில் அப்பாவுக்குப் பக்கத்தில் இரண்டு பேர் உட்காருவார்கள், நான் மூன்றாவதாக ஒண்டிக்கொள்வேன். அம்மா சன்னல் ஓரமாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்து திருச்செந்தூர் வரைக்கும் வருவார். அந்தப் பயணங்களில் காருக்குள் சம்மணம் போடுவது ஒரு சலுகையாகவே எங்களுக்குத் தோன்றியதில்லை.

ஷோரூமில் இந்தக் கன்சோல்தான் என்னை விழவைத்தது, அதையும் மறைக்காமல் சொல்கிறேன். கதவைத் திறந்து உட்கார்ந்ததும் இரண்டு பக்கமும் ஏதோ அணைத்துப் பிடித்தாற்போல இருந்தது. விற்பனைப் பையன், முழங்கை வைக்கும் ஆர்ம்ரெஸ்ட்டின் மூடியைத் திறந்து மூடிக் காட்டினான். மெத்தென்று, சத்தமே இல்லாமல் மூடியது. வயர்லெஸ் சார்ஜரில் என் போனை வைத்தான். நீல நிறத்தில் ஒரு மெல்லிய விளக்குக்கோடு எரிந்தது. பெரிய வண்டியில் ஏறிவிட்டோம் என்று மனம் சொல்லிவிட்டது. நான் அந்த இருக்கையில் மொத்தம் நாலு நிமிஷம் உட்கார்ந்திருப்பேன். சீட்டைப் பின்னால் தள்ளிவைத்திருந்தார்கள், முழங்கால் எங்கேயும் படவில்லை.

நல்லதை முதலில் எழுதுகிறேன், ஏனென்றால் நல்லது நிஜமாகவே நிறைய இருக்கிறது.

எனக்கு இது மேஜை. ஆர்ம்ரெஸ்ட்டுக்குக் கீழே உள்ள பெட்டியில் விசிட்டிங் கார்டு கட்டு இரண்டு, ஆர்டர் புக், பேனா, சானிடைசர், டயர் காற்று பார்க்கும் கேஜ், அம்மாவின் பிரிஸ்கிரிப்ஷன் பிளாஸ்டிக் உறை எல்லாம் அடங்கிவிடுகின்றன. முன்பு இவை பக்கத்து சீட்டில் கிடக்கும். பிரேக் போட்டால் மொத்தமும் கால்மிதியில் சரியும். டாக்டர் வீட்டு வாசலில் வண்டிக்குள் குனிந்து கார்டு பொறுக்கிய நாட்கள் உண்டு. இப்போது கையை வைத்தால் அந்தந்தப் பொருள் அந்தந்த இடத்தில் இருக்கிறது. வேலை நாளில் இது எவ்வளவு நிம்மதி என்பது ரோட்டிலேயே வாழ்கிறவர்களுக்குத் தெரியும்.

அப்புறம் முழங்கை. ஆட்டோமேட்டிக் என்பதால் இடது கைக்கு வேலை குறைவு. மதுரை நாலு வழிச்சாலையில் ஏறினால் ஆர்ம்ரெஸ்ட்டில் கையைச் சாய்த்துக்கொண்டே போகலாம். பழைய வண்டியில் எனக்கு இடது தோள்பட்டையில் ஒரு பிடிப்பு இருந்தது. இந்த வண்டி வந்து ஆறு மாதத்தில் அது காணாமல் போனது. ஆனால் இதை ஆட்டோமேட்டிக்குக்கு மட்டும்தான் சொல்வேன். என்னோடு வேலை செய்யும் ஒருவர் இதே வண்டியை மேனுவலில் வாங்கினார். நம் ஊரில் கியர் போடுவது இடது கை. இரண்டாவது, நாலாவது கியருக்குக் கையைப் பின்னால் இழுக்கும்போது முழங்கை ஆர்ம்ரெஸ்ட்டின் முனையில் இடிக்கிறது. டவுனுக்குள் ரத வீதியைச் சுற்றி வந்தால் நூறு தடவை கியர் மாற்ற வேண்டும், நூறு தடவையும் இடிக்கும். அவர் அதைப் பின்னால் தள்ளியே வைத்திருக்கிறார். பெட்டியைத் திறக்க வேண்டுமென்றால் வண்டியை ஓரங்கட்ட வேண்டும். மேனுவல் வாங்குகிறவர்கள் ஆர்ம்ரெஸ்ட்டைக் கீழே இறக்கிவைத்து ஐந்து கியரும் போட்டுப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்.

பின் சீட்டுக்கு ஏசி. இந்தப் பெரிய பெட்டிக்குள் இருக்கும் பொருள்களிலேயே எனக்கு மதிப்பானது கண்ணுக்குத் தெரியாத ஒன்று. டேஷ்போர்டிலிருந்து பின்னால் குளிர்காற்று கொண்டுபோகும் குழாய். அது கன்சோலுக்குள்தான் ஓடுகிறது. சித்திரை வெயிலில் சங்கரன்கோவில் போய்த் திரும்பும்போது பின்னால் குழந்தை தூங்கிக்கொண்டு வருகிறாள் என்றால் அதற்கு அந்தக் குழாய்தான் காரணம். பழைய வண்டியில் அவள் நெற்றி எப்போதும் வேர்த்தே இருக்கும். குழாய்க்கு இடம் வேண்டும், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் குழாய்க்கு 27 செ.மீ. வேண்டியதில்லை.

மலைப்பாதையில் இன்னொரு லாபம். செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு ஏறும்போது வலப்பக்கம் வளைகிற ஒவ்வொரு திருப்பத்திலும் உடம்பு இடப்பக்கம் சாயும். இடது முழங்காலைக் கன்சோலில் ஊன்றிக்கொண்டால் இடுப்பு அசையாது, ஸ்டியரிங்கைப் பிடித்துத் தொங்க வேண்டியதில்லை. அந்த ஒரு மணி நேரத்தில் மட்டும் கன்சோலுக்கு நன்றி சொல்வேன்.

சரி, இனி மற்றது.

நான் ஆறடிக்கு ஒரு அங்குலம் குறைவு. என் உயரத்துக்கு சீட்டை வைத்தால் இடது முழங்காலின் உட்பக்கமோ வெளிப்பக்கமோ ஏதாவது ஒன்று எதிலாவது பட்டே ஆகவேண்டும். ஆட்டோமேட்டிக்கில் இடது காலுக்கு வேலை இல்லை. வேலை இல்லாத கால் தானாக வெளியே சரியும், சரிந்தால் கன்சோல். அந்த இடத்தில் கம்பெனி என்ன வைத்திருக்கிறது தெரியுமா? கையால் தொட்டுப் பார்க்கும் மேல்பகுதியில் மெத்தை வைத்துத் தையல் போட்டிருக்கிறார்கள். கால் படும் பக்கவாட்டில் வெறும் கெட்டி பிளாஸ்டிக். அதிலும் இரண்டு பாகம் சேரும் இடத்தில் ஒரு விளிம்பு ஓடுகிறது. கயத்தாறு வரைக்கும் ஒன்றும் தெரியாது. சாத்தூர் பக்கம் எட்டூர்வட்டம் டோல்கேட்டை நெருங்கும்போது முழங்காலுக்குப் பக்கத்து எலும்பில் ஒரு வலி தொடங்கும், மதுரையில் இறங்கும்போது பேண்ட்டைத் தூக்கிப் பார்த்தால் சிவப்பாக ஒரு கோடு. முதல் மூன்று மாதம் எனக்கு வயதாகிறது என்று நினைத்தேன். ஒருநாள் நண்பரின் இன்னோவாவில் அதே தூரம் ஓட்டிவிட்டு இறங்கியபோது வலி இல்லை. அப்போதுதான் காரணம் புரிந்தது.

கடைசியில் வண்ணாரப்பேட்டையில் சீட் கவர் தைக்கும் கடையில் போய்ச் சொன்னேன். அவர் விரலால் அந்த விளிம்பைத் தடவிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இதுக்கு இப்ப மாசம் பத்துப் பேர் வாராங்க" என்றார். கறுப்பு ரெக்சினில் ஒரு அங்குல ஸ்பாஞ்சு வைத்துச் சின்னத் திண்டு தைத்து வெல்க்ரோ ஒட்டிக்கொடுத்தார். 350 ரூபாய். பதினைந்து லட்ச ரூபாய் வண்டியில் கம்பெனி வைத்திருக்க வேண்டிய பொருள் அது. இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் வருகிறது.

அம்மாவுக்கு எழுபத்தொன்று, இரண்டு முழங்காலிலும் தேய்மானம். முன் சீட்டில்தான் உட்காருவார், பின்னால் ஏறி இறங்க முடியாது. காலை நீட்டி மடக்கி மாற்றி மாற்றி வைத்தால்தான் அவருக்குத் தாங்கும். வண்டி வந்த வாரம் நாகர்கோவிலுக்குச் சித்தி வீட்டுக்குப் போனோம். நாங்குநேரி வரும்முன்பே "எய்யா, இந்தக் காலை நான் எங்க வைக்க?" என்று கேட்டார். இடப்பக்கம் கதவு, வலப்பக்கம் கன்சோல், நடுவில் இரண்டு காலும் சேர்ந்தாற்போல் நேராக இருக்க வேண்டும். பாதத்தைக் கொஞ்சம் வலப்பக்கம் சாய்த்து வைத்துக்கொள்ளக்கூட இடமில்லை. பழைய ஹேட்ச்பேக் எவ்வளவோ சின்ன வண்டி, அதில் அவர் இப்படிக் கேட்டதில்லை. வெளியே பெரிதாகி உள்ளே சுருங்கிப்போன வண்டியை வாங்கிவிட்டோம் என்று அன்றைக்கு நினைத்தேன்.

இன்னொரு விஷயத்தை நம் தெருக்களில் வாழ்கிறவர்கள்தான் புரிந்துகொள்வார்கள். எங்கள் தெரு பன்னிரண்டு அடி. பால் வண்டியும் ஆட்டோவும் போக வேண்டுமென்றால் காரை எதிர் வீட்டுக் காம்பவுண்டோடு ஒட்டி, வலப்பக்கம் சுவரைப் பார்த்து நிறுத்த வேண்டும். அம்பாசிடர் காலத்தில் அப்பா அப்படி நிறுத்திவிட்டு சீட்டிலேயே நகர்ந்து இடது கதவு வழியாக இறங்கிவிடுவார். ஹேட்ச்பேக்கில் கியர் குமிழைத் தாண்டிக் கஷ்டப்பட்டாவது நான் இறங்குவேன். இதில் முடியாது. போன ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி வலப்பக்கம் கதவைத் திறந்தால் மூடி இல்லாத வாறுகால், தண்ணீர் நிறைந்து தரை எது குழி எது என்று தெரியவில்லை. இடப்பக்கம் போகலாம் என்று ஆர்ம்ரெஸ்ட் மேல் ஒரு முழங்காலை ஊன்றி, ஒரு கையால் மேல் கைப்பிடியைப் பிடித்து, மற்ற காலைக் கியர் நெம்புகோலுக்கு மேலே தூக்கித் தாண்டினேன். செருப்பு மாட்டி கேமரா ஸ்விட்ச் அழுந்தி ஸ்கிரீனில் பின்பக்கத் தெரு தெரிந்தது. முழுதாக மூன்று நிமிஷம் ஆனது. 2023 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த ஊர் இது. ஒரு கதவு திறக்காவிட்டால் இன்னொரு கதவுக்கு எவ்வளவு சீக்கிரம் போகலாம் என்ற கேள்வி எங்களுக்கு வெறும் கற்பனை இல்லை. வயதானவர்கள் இந்தச் சுவரைத் தாண்டவே முடியாது.

பதநீர் விஷயத்தை விரிவாகவே எழுத வேண்டும்.

பங்குனி மாதம் தூத்துக்குடியிலிருந்து திரும்பும்போது ரோட்டோரம் பதநீர் வாங்கினேன். வீட்டுக்கு ஒரு லிட்டர் பாட்டிலில் பிடித்துத் தந்தார்கள். கன்சோலில் இரண்டு கப் ஹோல்டர் உண்டு. இரண்டுமே காபிக் கடை காகிதக் கோப்பைக்கு அளவெடுத்த மாதிரி, ஆழம் ஆறு செ.மீ. லிட்டர் பாட்டில் உள்ளே இறங்காது, மேலே தொக்கி நிற்கும். கதவுப் பையில் ஏற்கெனவே தண்ணீர் பாட்டில். சரி, பத்து நிமிஷம்தானே என்று கப் ஹோல்டரில் வைத்தேன். வல்லநாட்டுப் பக்கம் ஒரு மாடு குறுக்கே வந்தது. பிரேக். பாட்டில் சாய்ந்தது, மூடி சரியாக இறுகவில்லை. கால் லிட்டராவது கொட்டியிருக்கும். அது வழிந்து போன வழியை இன்றைக்கும் என்னால் படம் வரைந்து காட்ட முடியும். கப் ஹோல்டர் நிரம்பி, கியருக்குப் பக்கத்தில் உள்ள பள்ளத்தில் இறங்கி, ஹேண்ட்பிரேக்குக்குப் பதிலாக இருக்கும் எலக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக் ஸ்விட்ச்சைச் சுற்றி உள்ளே போனது. வண்டியை நிறுத்தித் துடைத்தேன். மேலே சுத்தமாகிவிட்டது.

மூன்றாம் நாள் எறும்பு வந்தது. ஸ்விட்ச் விளிம்பிலிருந்து ஒரு வரிசை, ஆர்ம்ரெஸ்ட் அடியில் போய் மறைந்தது. அதற்கு அடுத்த வாரம் ஸ்விட்ச்சைத் தூக்கினால் பிடிக்கவில்லை. இரண்டு மூன்று தடவை இழுத்தால்தான் பிரேக் விழும். சர்வீஸ் சென்டரில் போய்க் காட்டினேன். ஸ்விட்ச்சை மட்டும் தனியாக மாற்ற முடியாது, பிரேக், டிரைவ் மோட், கேமரா ஸ்விட்ச்சுகள் எல்லாம் ஒரே பலகை, முழுதாகத்தான் மாற்ற வேண்டும் என்றார்கள். திரவம் புகுந்தது என்பதால் வாரண்டி கிடையாது. வேலைக் கூலியோடு 11,400 ரூபாய் கட்டினேன். கழற்றியபோது நானும் பக்கத்தில் நின்று பார்த்தேன். அந்தப் பெட்டிக்குள் அடியில் பெரும் பகுதி காலியிடம். ஏசி குழாய் ஒன்று, வயர் கட்டு ஒன்று, கியர் நெம்புகோலின் அடிப்பாகம். மற்றபடி காற்று. என் முழங்காலைப் பதம் பார்த்தது பெரும்பாலும் ஒரு வெற்றுக்கூடு என்று அன்றைக்குக் கண்ணால் பார்த்தேன்.

பழைய வண்டியில் பதநீர் கொட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஹேண்ட்பிரேக் ஒரு இரும்புக் கம்பி, அதன் அடியில் ஒரு வடம். துணியால் துடைத்திருப்பேன், முடிந்தது. ஸ்விட்ச்சுகளைக் கொண்டுபோய்க் குடிக்கிற பொருள் வைக்கும் இடத்துக்கு அடுத்தாற்போல் ஏன் வைக்க வேண்டும்? அப்படி வைத்தால் கீழே தண்ணீர் வடிய ஒரு வழியாவது விட வேண்டாமா?

சின்னச் சின்னக் குறைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கன்சோலின் மேல்பகுதி கண்ணாடி போலப் பளபளக்கும் கறுப்பு. நண்பகலில் வெயில் அதில் பட்டு நேராகக் கண்ணில் அடிக்கிறது. கோயிலுக்குப் போய்வந்தால் திருநீற்றுத் தூள் அத்தனையும் அதில் தெரியும். துணியால் துடைத்தால் மயிரிழை மயிரிழையாகக் கீறல். ஒரு வருஷத்தில் பத்து வருஷப் பழசு போல ஆகிவிட்டது. சொரசொரப்பான சாதாரண பிளாஸ்டிக் போட்டிருந்தால் இந்தப் பாடு இல்லை. சில்லறை போட ஒரு தட்டு கொடுத்திருக்கிறார்கள். 2021 பிப்ரவரியிலேயே ஃபாஸ்டேக் கட்டாயமாகிவிட்டது. டோல்கேட்டில் சில்லறை எண்ணி யார் கொடுக்கிறார்கள்? வயர்லெஸ் சார்ஜரில் மத்தியானம் போனை வைத்தால் இட்லித் தட்டு மாதிரி சூடாகி, சார்ஜ் ஏறுவது நின்றுவிடும். நான் வயர்தான் போடுகிறேன்.

போன் விழும் சந்து ஒன்று இருக்கிறது. சீட்டுக்கும் கன்சோலுக்கும் நடுவே, சரியாகப் போன் நுழையும் அகலம், கை நுழையாத அகலம். சாலைப்புதூர் டோல்கேட் தாண்டியதும் ஒரு டாக்டர் கூப்பிட்டார், மடியிலிருந்து போன் நழுவி உள்ளே போனது. ஓரங்கட்டி, இறங்கி, பின் கதவைத் திறந்து, சீட்டுக்கு அடியில் கையை விட்டு எடுப்பதற்குள் மூன்று தடவை அடித்து ஓய்ந்தது. ஓடும்போதே குனிந்து எடுக்கப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம். அந்தச் சந்தை அடைக்க ஸ்பாஞ்சுப் பட்டை கடைகளில் கிடைக்கிறது. சீட்பெல்ட் பக்கிளை அழுத்தாமல் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

ஆர்ம்ரெஸ்ட் பெட்டிக்குக் குளிர்காற்று வரும் வசதியைப் பற்றி என் தொழில் சார்ந்து ஒரு எச்சரிக்கை. சிலர் அதை ஃபிரிட்ஜ் என்று நினைத்து வீட்டுப் பெரியவர்களின் இன்சுலினை அதில் வைக்கிறார்கள். திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். நான் ஒரு தெர்மாமீட்டரை உள்ளே போட்டுப் பார்த்தேன். ஒரு மணி நேரம் ஏசி ஓடிய பிறகு 17 டிகிரி. சாப்பாட்டுக்கு நிறுத்திவிட்டு நாற்பது நிமிஷம் கழித்து வந்து பார்த்தபோது 39. ஏசி நின்றுவிட்டால் அது வெயிலில் கிடக்கும் ஒரு பிளாஸ்டிக் பெட்டி, அவ்வளவுதான். சாக்லேட், தண்ணீர் பாட்டில் வையுங்கள். மருந்துக்கு ஐஸ் பேக் போட்ட பை வேண்டும்.

இதையெல்லாம் ஷோரூமில் சொன்னால் ஒரு பதில் வரும். "சார், அது பாடி ஸ்ட்ராங்கா இருக்கறதுக்கு." அப்படி இல்லை. வண்டியின் தரையில் நடுவே ஒரு மேடு ஓடுகிறது, அது இரும்பு, அதற்கு உறுதியில் பங்கு உண்டு. அதன் மேல் உட்கார்ந்திருக்கும் இந்தப் பெட்டி பிளாஸ்டிக். பக்கவாட்டு மோதலில் முன்னால் இருக்கும் இருவரும் ஒருவர்மேல் ஒருவர் மோதாமல் காக்க நடுவில் விரியும் ஏர்பேக் என்று தனியாகவே ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் 2013 மாடல்களிலேயே கொண்டுவந்தது. அதுகூட ஓட்டுநர் சீட்டின் ஓரத்திலிருந்து விரிகிறது. அகலமான கன்சோல் அந்த வேலையைச் செய்வதில்லை.

எனக்கு உறுத்துவது இதுதான். ஒரு காலத்தில் அந்த இடம் இயந்திரத்துக்குத் தேவைப்பட்டது. பின் சக்கரத்தில் ஓடும் வண்டிக்கு எஞ்சினிலிருந்து பின்னால் ஒரு தண்டு போக வேண்டும், தரை மேடாகும். கியர் தரைக்கு வந்தபோது அதற்கு ஒரு இடம் வேண்டும், ஹேண்ட்பிரேக்குக்கு ஒரு இடம் வேண்டும். அம்பாசிடர் பின் சக்கரத்தில் ஓடிய வண்டி, அடியில் தண்டும் இருந்தது, ஆனாலும் கியரை ஸ்டியரிங்குக்குக் கீழே வைத்ததால் முன்னால் மூன்று பேர் உட்கார்ந்தார்கள். இப்போது என் வண்டி முன் சக்கரத்தில் ஓடுகிறது, பின்னால் போகும் தண்டே கிடையாது. ஹேண்ட்பிரேக் ஒரு ஸ்விட்ச். கியர் நெம்புகோல் இருக்கும் இடத்தை டேஷ்போர்டுக்கோ ஸ்டியரிங்குக்கோ மாற்றலாம், மாற்றியும் காட்டிவிட்டார்கள். இயந்திரம் காலி செய்துகொடுத்த இடத்தைக் காலுக்குத் தருவதை விட்டுவிட்டு, பெட்டி கட்டி அடைத்துவிட்டார்கள்.

அமெரிக்காவில் முன்பக்கம் நீள சீட் வைத்த கடைசி செடான் கார் 2013 மாடல் செவ்ரோலே இம்பாலா. நம் அம்பாசிடரின் உற்பத்தி 2014-இல் நின்றது. ஏறக்குறைய ஒரே சமயத்தில் இரண்டு ஊரிலும் அந்த வசதி போய்விட்டது. நீள சீட் திரும்ப வர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. நடுவில் உட்காருகிறவருக்கு ஏர்பேக் வைப்பது கஷ்டம், தலைசாய்ப்பு கிடையாது, அந்தக் காலத்தில் சீட்பெல்ட் போட்டவர்களும் குறைவு. தனித்தனி சீட்தான் பாதுகாப்பு. இரண்டு சீட்டுக்கும் நடுவே தரையாவது காலியாக இருக்கட்டும் என்கிறேன்.

எலக்ட்ரிக் வண்டிகளில் சிலர் இதைப் புரிந்து செய்திருக்கிறார்கள். ஹூண்டாய் அயோனிக் 5-ஐச் சென்னைக்குப் போனபோது ஷோரூமில் பார்த்தேன். தரை தட்டையாக இருக்கிறது, கியர் ஸ்டியரிங் தண்டில். நடுப்பெட்டி தண்டவாளத்தில் 140 மி.மீ. முன்னும் பின்னும் நகர்கிறது. பின்னால் தள்ளிவிட்டால் முன்னால் கால் வைக்கத் தாராளமாக இடம். விலை நமக்கு எட்டாது. ஆனால் இருங்காட்டுக்கோட்டையில் தயாராகி 2025 ஜனவரியில் வந்த கிரெட்டா எலக்ட்ரிக்கிலும் கியரை ஸ்டியரிங் பக்கம் கொண்டுபோய்விட்டார்கள். அதை டெஸ்ட் டிரைவ் எடுக்க அம்மாவையும் கூட்டிப் போயிருந்தேன். அம்மா உட்கார்ந்து, இரண்டு காலையும் அசைத்து, வலது காலைக் கொஞ்சம் சாய்த்து வைத்துக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் வெளியே வேடிக்கை பார்க்க ஆரம்பித்துவிட்டார். அதைவிட நல்ல சான்றிதழ் எனக்கு வேண்டாம். இன்னோவா ஹைகிராஸிலும் கியர் நெம்புகோல் டேஷ்போர்டுக்கு ஏறிவிட்டது.

மறுபக்கம் மஹிந்திராவின் பிஇ 6. 2024 நவம்பரில் சென்னையில் அறிமுகப்படுத்தினார்கள். தட்டையான தரையுள்ள எலக்ட்ரிக் வண்டி, சுவர் கட்ட எந்தக் கட்டாயமும் இல்லை. ஆனாலும் போர் விமானத்தின் ஓட்டுநர் அறை போல வேண்டும் என்று தீர்மானித்து, டேஷ்போர்டிலிருந்து ஒரு வளைவை இறக்கி ஓட்டுநரைத் தனியாகப் பிரித்துவிட்டார்கள். தனியாக ஓட்டும் இளைஞர்களுக்கு அது பிடிக்கும், பார்க்கவும் அழகுதான். நான் என் குடும்பத்தை வைத்து யோசிக்கிறேன். முன் சீட்டில் இருக்கும் அம்மாவுக்குத் தண்ணீர் மூடியைத் திறந்து நீட்டும்போதுகூட அந்தச் சுவர் குறுக்கே நிற்கும்.

என் வண்டியை விற்கப் போகிறேனா என்றால், இல்லை. கடன் இன்னும் மூன்று வருஷம் இருக்கிறது, எஞ்சினில் ஒரு குறை கிடையாது, அந்த மேஜை எனக்குச் சோறு போடுகிறது. திண்டு ஒட்டிய பிறகு வலி முக்கால்வாசி குறைந்துவிட்டது. கப் ஹோல்டரில் இப்போது தண்ணீர்கூட வைப்பதில்லை, ஒன்றில் போன் வயர், மற்றதில் அம்மா வைத்த எலுமிச்சம்பழம். வேலைக்கு ஓட்டுகிறவர், ஒற்றை ஆள், ஆட்டோமேட்டிக் என்றால் பெரிய கன்சோல் உள்ள வண்டியைத் தாராளமாக வாங்கலாம். வீட்டில் முழங்கால் வலிக்காரர் இருந்தால், தெரு ஒடுக்கம் என்றால், மேனுவல் என்றால், நாலு தடவை யோசியுங்கள். ஷோரூமில் சீட்டை உங்கள் அளவுக்கு முன்னால் இழுத்துவைத்து இருபது நிமிஷம் உட்காருங்கள். பையன் அவசரப்படுத்தினாலும் எழுந்திருக்காதீர்கள். பக்கவாட்டு பிளாஸ்டிக்கில் விரலை ஓட்டி விளிம்பு இருக்கிறதா என்று பாருங்கள். லிட்டர் பாட்டில் ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை மச்சான் வண்டி பார்க்கப் போகிறார், என்னையும் கூப்பிட்டிருக்கிறார். டேப்பையும் பாட்டிலையும் எடுத்துவைத்துவிட்டேன். அம்மாவும் வருகிறேன் என்றிருக்கிறார், அவரைத்தான் முதலில் உட்காரவைக்கப் போகிறோம்.